இல்லாத கம்பெனியில் வேலை பார்த்த இருவர் குறித்து

அனுப்புநர்:
மூக்குக்கண்ணாடிக் கடை உரிமையாளர்
(பெயரும் முகவரியும் ஒட்டிய தனி உறையில் உள்ளன. தாங்கள் மட்டும் பிரிக்கும்படி வேண்டுகிறேன்.)

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
உள்துறை,
தலைமைச் செயலகம்.

பொருள்: இரகசியப் பணியில் இருந்த என் மனைவியின் பெயரைத் தொலைக்காட்சியில் வெளியிட்டவர் மீது விசாரணை கோருதல் – அதனால் சொந்த நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்த பெண்ணுக்கும் அவருடைய இரு மகள்களுக்கும் குடியிருப்பு அனுமதி கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் பதில் கடிதம், ஏப்ரல் 9.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கடைவீதியில் இருபது ஆண்டுகளாகக் கண்ணாடிக் கடை நடத்துகிறேன். இந்த விவகாரத்தை விட்டால் அரசுக்கு ஒரே ஒரு மனுதான் எழுதியிருக்கிறேன். அது கடை வாசலில் திறந்து கிடந்த சாக்கடை பற்றியது. மூடி வந்துவிட்டது. அந்தத் தைரியத்தில் இதையும் எழுதுகிறேன்.

2. என் மனைவி தண்ணீர்ப் பம்பு விற்கும் கம்பெனியின் வெளிநாட்டுப் பிரதிநிதி என்று திருமணமான நாள் முதல் பதினேழு ஆண்டுகள் நம்பியிருந்தேன். நம்பாமலிருக்க முகாந்திரமே இல்லை. எங்கள் குடியிருப்பில் பம்பு நின்றுபோனால் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே இறங்கிச் சரிசெய்வார். மேல்வீட்டு மருந்துக்கடைக்காரர் ஒருமுறை சகாய விலையில் பம்பு கேட்டபோது மூன்றாம் நாளே வந்து இறங்கியது. அதை வேறொரு கடையில் முழு விலைக்கு வாங்கி, இருந்த ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டுத் தம் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினார் என்பது எனக்குச் சென்ற மாதம்தான் தெரியும்.

3. கடந்த பிப்ரவரியில், அண்டை நாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் ஆயுதம் தயாராகிறது என்று அரசு அறிவித்தது. அங்கே தயாராவது பெயிண்ட் மட்டுமே என்று அரசின் சொந்த அறிக்கையே கூறுவதை எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் சபையில் படித்துக் காட்டினார். எழுதியவர் பெயர் அதில் இல்லை. மறுநாள் காலைத் தொலைக்காட்சி விவாதத்தில் ஆளுங்கட்சிச் செய்தித் தொடர்பாளர் பேசியதை அப்படியே தருகிறேன்: "அந்த ரிப்போர்ட்டை எழுதினது யாரு தெரியுமா? பெரிய நிபுணர்னு நினைச்சுக்காதீங்க. பம்பு விக்கிற ஒரு அம்மா!" தொடர்ந்து என் மனைவியின் முழுப் பெயரையும் கம்பெனியின் பெயரையும் சொன்னார். பம்பு விற்பவர் அரசுக்கு எப்படி அறிக்கை எழுதுவார் என்று மற்ற சேனல்கள் கேட்கத் தொடங்கி, சற்று நேரத்தில் அவரை உளவாளி என்றே சொல்லிவிட்டன.

4. அப்போது நான் ஒருவருக்குக் கண்ணாடியின் காதுக்கம்பியை வளைத்துக்கொண்டிருந்தேன். மருந்துக்கடைக்காரர் தம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, "அண்ணே, அண்ணியை உளவாளின்னு டிவியில சொல்றாங்களே, என்னண்ணே இது?" என்றார். நான் வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி சாப்பாட்டு மேசையில் மூன்று செல்போன்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்தது அதில் ஒன்றுதான். "என்னங்க, பம்பைப் பத்தி நான் சொன்னதெல்லாம் நிஜம்தான். மத்ததை அப்புறம் சொல்றேன். இப்ப டீச்சருக்கு லைன் கிடைக்கல" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அது தமக்காக அல்ல என்பது பிறகே புரிந்தது.

5. டீச்சர் என்று நாங்கள் குறிப்பிடுபவர் அந்த நாட்டில் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். கணவர் இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். ஓய்வு நேரத்தில் அதே பம்புக் கம்பெனிக்கு முகவராக இருந்தார். கம்பெனிப் பலகை அவர் வீட்டு வாசலிலேயே தொங்கியது. (இங்கே நான் எழுதியிருந்த இரண்டு வரிகளை என் மனைவி மை கொண்டு அடித்துவிட்டார். தாங்கள் பொருட்படுத்த வேண்டாம்.) கம்பெனியின் பெயர் ஒளிபரப்பான பின் அந்தப் பலகை என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பதினோரு நாட்கள் தகவல் இல்லை. என் மனைவி தட்டில் சோற்றைப் பிசைவார், எழுந்துவிடுவார். பன்னிரண்டாம் நாள் ஒரு செல்போன் அடித்தது. "அக்கா, எல்லை தாண்டிட்டோம். மூணு பேரும் நல்லா இருக்கோம்." இப்போது அவர்கள் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி அறையில் இருக்கிறார்கள்.

6. உள்ளதைச் சொல்வதானால், எங்களுக்கென்று பெரிய குறை எதுவும் இல்லை. முதல் நான்கு நாட்கள் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே எதிரில் வந்து உட்கார்ந்து, "கேளுங்க. சொல்ல முடிஞ்சதைச் சொல்றேன். முடியாததுக்குத் தலையை மட்டும் ஆட்டறேன்" என்றார். அன்றிலிருந்து மாலைதோறும் பேசுகிறோம். தலையாட்டலும் நிறைய உண்டு. எங்கள் மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "ஊருக்குப் போனப்ப எல்லாம் என்னை நினைச்சேன்னு சொன்னியே, அது?" அதற்கு அவர் தலையை ஆட்டவில்லை, அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேலை போன பின் என் மனைவி கடைக்கு வருகிறார். சென்ற வாரம் ஒரு லாரி ஓட்டுநர் சுவரிலிருந்த எழுத்து அட்டையைத் தடங்கலின்றிப் படித்தார். "மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டீங்களே, அண்ணா" என்று இவர் அட்டையை மறுபக்கம் திருப்பி மாட்டினார். ஓட்டுநர் சிரித்துவிட்டார். கண்ணாடியும் வாங்கிக்கொண்டார். ஆகவே எனக்கு இழப்பீடு எதுவும் வேண்டாம்.

7. குறை தங்கள் பதில் கடிதத்தில்தான் இருக்கிறது. அப்படியொரு அலுவலர் பணியில் இருந்தாரா என்பதை "உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலாது" என்பதால் விசாரணை இல்லை என்கிறது கடிதம். நாடே தொலைக்காட்சியில் கேட்டதை இனி உறுதிசெய்ய என்ன இருக்கிறது? டீச்சரின் விண்ணப்பமும் வேலை பார்த்த நிறுவனத்தின் சான்று இல்லையென்று திரும்பி வந்தது. நேரில் போனேன். கவுண்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்: "நான் என்ன சார் பண்ணட்டும்? கம்ப்யூட்டர்ல அப்படி ஒரு கம்பெனியே இல்ல. ஓனரைக் கூட்டிட்டு வாங்க." ஓனர் தங்கள் துறைதான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திரும்பிவிட்டேன்.

8. செய்தித் தொடர்பாளரோ, "பேரைத்தானே சொன்னேன், யாரையும் அடிச்சேனா?" என்று பேட்டி கொடுத்திருக்கிறார். அந்தப் பெயரால் ஒரு பெண் வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு, ஒரே பையோடு வந்து சேர்ந்தார்.

எனவே நான் வேண்டுவது இரண்டு. என் மனைவியின் பெயரை அவருக்குக் கொடுத்தது யார் என்று விசாரித்து, சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். டீச்சர் அரசுக்காகப் பணி செய்தவர் என்று தங்கள் கைப்பட ஒரு வரி எழுதித் தர வேண்டும். இரகசியமாகவே தந்தாலும் சரி, கவுண்டர்வரை செல்லுபடியானால் போதும்.

நேற்று டீச்சர் பிள்ளைகளின் பள்ளி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்து, "அக்கா, இங்க நாங்க யாருன்னு எழுதறது?" என்று கேட்டார். பதினேழு ஆண்டுகள் யார் எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் வைத்திருந்த என் மனைவி, பேனாவைக் கையில் வாங்கியவர் எழுதாமல் என்னைப் பார்த்தார். அந்தப் பதில் தங்கள் மேசையில் இருக்கிறது. பள்ளி திறக்க இன்னும் பன்னிரண்டு நாட்கள் உள்ளன.

தங்கள் ஒரு வரிக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
கண்ணாடிக் கடைக்காரர்

இடம்: கடைவீதி
நாள்: மே 20