விடை பெறாத விருந்தாளி: வுனிடோங்கோ கிராமத்துக் கைபேசிப் பெட்டி

அனுப்புநர்:
வசிதி நகலேவு,
வுனிடோங்கோ கிராமம்,
வனுவா லெவு தீவு, ஃபிஜி.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சுற்றுச்சூழல் துறை,
சுவா.

பொருள்: எங்கள் வீட்டருகே நிற்கும் பழைய கைபேசி கன்டெய்னரை முறைப்படி விடை கேட்டு அகற்றித் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதைத் தங்களிடம் நேரில் சொல்லவே சுவாவுக்குக் கப்பலேறி வந்தேன். தங்கள் அலுவலக வாசல் பெஞ்சில் மதியம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பெயரைச் சொல்லி உள்ளே போகத் துணிவின்றித் திரும்பிவிட்டேன். பொறுத்தருள்க.

1. நான் சுற்றுச்சூழல் அறிவியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். நீலத்திரை என்ற கைபேசி நிறுவனம் ‘பழைய போனைத் தா, கடலைக் காப்பாற்று’ என்ற திட்டத்தைத் தொடங்கியபோது எங்கள் கரையோரத்துக்கு என்னைத் தூதராக நியமித்தது. பச்சைச் சட்டை ஒன்றும் அடையாள அட்டையும் தந்தார்கள். பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பெட்டி வைத்துக் கைபேசிகளைச் சேகரித்தேன். மக்கள் மனமுவந்து கொடுத்தார்கள்.

2. சேர்ந்தவற்றைக் கன்டெய்னர் பெட்டி ஒன்றில் அடைத்து, வெளிநாட்டு மறுசுழற்சி ஆலைக்குக் கப்பலேற்றும்வரை வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. படகுத்துறை எங்கள் வீட்டை ஒட்டியது. நிறுவன மேலாளர் திரு. கேமரன் எங்கள் வழக்கப்படி, இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேரைக் கட்டாகக் காணிக்கை கொண்டுவந்து வைத்து, கப்பல் வரும்வரை இந்தப் பெட்டி உங்கள் விருந்தாளியாக இருக்கட்டும் என்று கேட்டார். கிராமத் தலைவர் சார்பில் பேசும் பொறுப்பு என் தந்தை எரோனியுடையது. அவர் முறைப்படி கை தட்டி வேரைப் பெற்றுக்கொண்டார். அன்று முதல் அந்தக் கன்டெய்னர் எங்கள் விருந்தாளி.

3. கப்பல் வந்தது, பெட்டியை ஏற்றவில்லை. உப்பிய பேட்டரிகள் கைபேசிகளோடு கலந்து கிடக்கின்றன, பிரித்து மணலில் பொதியாமல் தொட மாட்டோம் என்று கப்பல்காரர்கள் மறுத்துவிட்டார்கள். பிரிக்கப் பயிற்சி பெற்றவர் இத்தீவில் எவருமில்லை. நானும் படித்ததோடு சரி, செய்ததில்லை. திரு. கேமரன் பிரிஸ்பேனுக்கு மாறிப் போய்விட்டார்.

4. சென்ற மாத வெயிலில் ஒரு பிற்பகல் பெட்டிக்குள்ளிருந்து சீறல் கேட்டது. நகப்பூச்சு போல இனிப்பான வாடையுடன் புகை கசிந்து, தானே அடங்கியது. ஊரே கூடிவிட்டது. சித்தப்பா தோமாசி கேலியாக, “என்ன அண்ணே, உங்க விருந்தாளிக்குக் காய்ச்சலா?” என்றார். அதற்கு அப்பா, “காய்ச்சல் வந்தா வெளிய புடிச்சுத் தள்ளிருவியாடா? போய்க் கோணிய நனைச்சுக் கொண்டா” என்றார். அன்றிலிருந்து ஈரக் கோணிகளைக் கூரைமேல் போட்டுப் பெட்டியைக் குளிரவைக்கிறார். அதன் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கிறார். நாங்கள் எவ்வளவு கெஞ்சியும் வீட்டுக்குள் வர மறுக்கிறார்.

5. இளைஞர்கள் டிராக்டரில் கட்டி இழுத்து அலையாத்திக் காட்டுச் சேற்றில் தள்ளிவிடலாம் என்றார்கள். ஊர்ப் பெண்கள் நண்டு பிடிக்கும் இடம் அது. அப்பா சம்மதிக்கவில்லை. நண்டுக்காக மட்டுமல்ல. எங்கள் முறைப்படி வரும்போது வேர் வைத்துத் தங்க இடம் கேட்டவர், போகும்போதும் வேர் வைத்து விடை கேட்க வேண்டும். கேட்காதவரை அனுப்ப எங்களுக்கு உரிமையில்லை. நிறுவனத்தார் முதல் முறையைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இரண்டாவதைக் கற்கவில்லை.

6. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பெட்டியை உங்கள் கிராமம்தானே ஏற்றுக்கொண்டது, மேலும் அங்கே எங்கள் பிரதிநிதி நீங்கள்தானே என்றார்கள். சரி, நானே விடை கேட்கிறேன் என்று வேர் வாங்கிக்கொண்டு போனேன். அப்பா கோபப்படவில்லை. “நீ அவங்க சட்டையப் போட்டிருக்க. என் வீட்டு மரவள்ளிக்கெழங்கத் திங்கிற. யங்கோனாக் கிண்ணத்துக்கு எந்தப் பக்கம்மா உக்காருவ?” என்று மட்டும் கேட்டார். கிண்ணத்துக்கு ஒரு பக்கம் விருந்தாளி, மறுபக்கம் வீட்டார் உட்காருவது முறை. பெற்ற மகள் தகப்பன் வீட்டில் விருந்தாளியாக உட்கார வழியில்லை. வேரை எடுத்துப்போய் வீட்டுக்குள் வைத்துவிட்டேன்.

7. சுவாவில் அந்நிறுவனக் கடைக் கண்ணாடியில் பெரிய விளம்பரப் படம் ஒன்றைப் பார்த்தேன். அப்பா வேரைப் பெற்றுக்கொண்டு சிரிக்கிறார். கீழே, ‘இவர்கள் தந்த கைபேசிகள் மறுபிறவி எடுத்துவிட்டன’ என்று எழுதியிருக்கிறது. ஐயா, போய்விட்டது என்று ஊருக்கெல்லாம் சொன்ன பொருளை எடுத்துப் போக யார் வருவார்கள்? நிறுவனம் வராது, கப்பல் ஏற்றாது, அப்பா நகர மாட்டார். அடுத்த முறை புகை தானே அடங்கும் என்பதற்கு உறுதியில்லை. என் படிப்பு எனக்குச் சொல்லும் நிச்சயம் அது ஒன்றுதான்.

ஆகவே, பேட்டரிகளைப் பிரிக்கத் தெரிந்தவர்களை உடனே அனுப்பவும், பெட்டியை வீடுகளிலிருந்து விலகிய நிழலான இடத்துக்கு மாற்றவும், செலவை நிறுவனத்திடமே பெறவும் தாங்கள் ஆணையிட வேண்டுகிறேன்.

வருபவர் நிறுவனத்தைச் சேர்ந்தவராகவோ அரசு அதிகாரியாகவோ இருக்கலாம். வெறுங்கையோடு மட்டும் வந்துவிட வேண்டாம். ஒரு யங்கோனா வேர்க்கட்டு போதும். “வந்தவன் புறப்படுகிறேன், விடை கொடுங்கள்” என்று சொன்னால் போதும். வேர் கிடைக்காவிட்டால் நான் வாங்கியது வீட்டில் இருக்கிறது. படகுத்துறைக்கே கொண்டுவந்து தருகிறேன்.

அப்பாவைத் தேட வேண்டியதில்லை. விடை கேட்க யாராவது வந்துவிட்டால் எழுந்து போய் உடை மாற்ற நேரமிருக்காதென்று, காலையிலேயே சலவைச் சட்டையும் சூலு வேட்டியும் உடுத்தி, அந்தப் பெட்டியின் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இடம்: வுனிடோங்கோ
நாள்: 19 பிப்ரவரி 2024

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
வசிதி நகலேவு
(கையொப்பம்)