விளக்கைச் சுற்றிய வளையம்

நவம்பர் 4

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு இன்று ஒரு முடிவு எடுக்கப்பட்டது. வாசல் விளக்கின் மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை பல்பு போடுவது. இரு தரப்பு வாதங்களும் பொறுமையாகக் கேட்கப்பட்டன. மஞ்சளுக்கு மனைவி, வெள்ளைக்கு நான். கல்யாணமானதிலிருந்து என் பக்கம் தீர்ப்பான முதல் வழக்கு என்பதால் தேதியைக் குறித்து வைக்கிறேன்.

நவம்பர் 5

சாயங்காலம் பல்பைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது என்றாள். உள்ளே நீலம், வெளியே சிவப்பு. நான் மட்டமான பல்பு வாங்கிவிட்டேனாம்.

கல்லூரியில் ஒளியியல் நடத்தியே தலை நரைத்தவனிடம் இப்படிச் சொன்னால் சும்மா விடுவானா? நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். காற்றில் பொடிப் பொடியாகப் பனித்துளி இருக்கிறது. ஒளி அலை துளியின் ஓரத்தில் வளைந்து பரவுகிறது. இதுதான் விளிம்பு விளைவு. நீலம் குறைவாக விரியும், சிவப்பு அதிகமாக. அதனால் சிவப்பு வெளியே. பரீட்சையில் பாதிப் பேர் மாற்றி எழுதும் வரிசை; இவள் புத்தகம் தொடாமலே சரியாகச் சொல்லிவிட்டாள்.

எனக்கு வளையம் தெரியவில்லை. என் கண்ணாடி பழசு.

நவம்பர் 10

வகுப்பில் மனைவியின் வளையத்தைச் சொன்னேன். யாரும் தூங்கவில்லை. இந்த வருடத்தின் ஒரே சாதனை.

நவம்பர் 14

குறுக்கீட்டு விளைவையும் காட்டிவிடலாம் என்று கல்லூரியிலிருந்து லேசரும் இரட்டைப் பிளவுத் தகடும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி அறையை இருட்டாக்கினேன். சுவரில் வெளிச்சப் பட்டை, இருட்டுப் பட்டை, மறுபடி வெளிச்சம்.

“ரெண்டு வெளிச்சம் சேந்தா இருட்டு வருமாங்க?” என்றாள்.

இரண்டு அலையின் முகடும் முகடும் சந்தித்தால் வெளிச்சம். முகடும் அகடும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அந்த ஒளி வீணாவதில்லை, பக்கத்துப் பட்டைக்குக் கூடுதலாகப் போய்விடும். குடும்பத்தில்கூட இவ்வளவு ஒழுங்கான கணக்கு கிடையாதே என்றாள். நன்றாகச் சிரித்தோம். பிறகு இடது புருவத்துக்கு மேலே வலிக்கிறது என்று படுத்துவிட்டாள். புது விஷயம் படித்தால் சிலருக்குத் தலைவலி வரும்.

நவம்பர் 15

வளையத்தைப் பற்றி அம்மாவிடம் கேள்விப்பட்டு மகள் போன் செய்தாள். “அம்மாவ கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போப்பா.” காரணம் தெரிந்த விஷயத்துக்கு டாக்டர் எதற்கு? விடைத்தாள் திருத்தி முடியட்டும்.

நவம்பர் 21

வளையத்தின் அகலத்திலிருந்து துளியின் அளவைக் கண்டுபிடிக்கலாம். கை நீட்டி ஸ்கேலைப் பிடிக்கச் சொன்னேன். முகம் சுளிக்காமல் பிடித்தாள். வானம் சுத்தமாக இருக்கிறதே, பனி எங்கே என்று மட்டும் கேட்டாள். கண்ணுக்குத் தெரிந்தால் அது ஏன் பொடித்துளி என்றேன். இடது கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறதாம். ஒற்றைக் கண்ணால் பார்ப்பது அளவீட்டுக்கு நல்லதே. கணக்கு மூடுபனித் துளிக்கு அழகாகப் பொருந்தி வந்தது.

நவம்பர் 22

நேற்று இரவிலிருந்து அவளுக்குத் தலையைப் பிளக்கும் வலி, வாந்தி. அடுத்த தெரு டாக்டர் பித்தம் என்று மாத்திரை கொடுத்தார்.

நவம்பர் 24

அவளுடைய இடது கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பை நசுக்கிவிட்டதாம். வளையம் எப்போதிலிருந்து என்று டாக்டரம்மா அவளைக் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நானே எல்லாவற்றையும் சொன்னேன். துளியின் அளவையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன்?

“கணக்கு சரிதான் சார்,” என்றார். “துளி காத்துல இல்ல, அவங்க கருவிழியில. பனியா இருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணுமே?”

இருட்டறையில் உட்கார்ந்தால் இந்த அழுத்தம் ஏறும் என்றும் சொன்னார்.

நவம்பர் 25

எனக்குத் தெரியல. ஒரே வாசல், ஒரே பல்பு, பக்கத்துப் பக்கத்துல நிக்கிறோம் — எனக்குத் தெரியல. அத ஏன் நான் கேக்கல? பழைய கண்ணாடியாம். முதல் வருஷப் பையன்கூட கேட்டிருப்பான்.

நவம்பர் 27

வார்டில் அவளிடம், வலியை ஏன் முன்பே அழுத்திச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு வாய் இருந்தது.

“நீங்க என்கூட உக்காந்து இவ்ளோ நேரம் பேசினது இந்த மாசம்தாங்க,” என்றாள். “தலைவலின்னா எழுந்து போயிடுவீங்க.”

டிசம்பர் 1

லேசரையும் பிளவுத் தகட்டையும் கல்லூரியில் திருப்பிக் கொடுத்தேன்.

டிசம்பர் 19

இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வலது கண்ணுக்கும் அப்படி வராமலிருக்க முன்கூட்டியே சிகிச்சை முடிந்தது. அது நன்றாக இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் அவளுக்கு இடப்பக்கம் இருந்த என் நாற்காலியை வலப்பக்கம் மாற்றிப் போட்டேன்.