இளஞ்சூடு

திருவனந்தபுரம்,
18 மே 2024

அன்புள்ள ரெஷ்மா,

பேச்சிப்பாறைப் பள்ளியில் படித்த உன் தமிழ்க் கையெழுத்தைப் பார்த்ததுமே பாதித் தெம்பு வந்தது. பிரசவ விடுப்பு முடிய இன்னும் இரண்டு மாதம். என் இடத்துக்கு வேறு நர்ஸ் போடவே இல்லையாமே? பங்குனியில் வற்றின ஊற்றில் இப்போது செம்மண் கலங்கி வருகிறது என்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மலைக்குடியில் எல்லாரையும் தண்ணீரைக் காய்ச்சச் சொல். பிள்ளைகளுக்கு வாய் வெந்துவிடும்; இளஞ்சூட்டில் கொடுங்கள். அங்கே போன் எடுக்காது; அதனால் கடிதத்தை வித்துரா பஸ் கண்டக்டர் சுனிலிடம் கொடுத்திருக்கிறேன். கல்லாறு சாயாக்கடையில் வாங்கிக்கொள். என் மகன் அபிஜித் இப்போது குப்புற விழுகிறான்.

அன்புடன்,
ஸ்ரீலட்சுமி

கல்லாற்றுக்கு மேலே,
29 மே

ஸ்ரீலட்சுமி சேச்சிக்கு,

எல்லா வீட்டிலும் காய்ச்சுகிறோம், கேட்டோ. பாதிக்குப் பாதி ஊற்றுத் தண்ணீர் சேர்த்து, நீங்கள் சொன்ன இளஞ்சூட்டில்தான் கொடுக்கிறோம். பிறகும் ஏழு வீட்டில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். என் மோள் ஆதிராவுக்கும். எங்கே தப்பு, சேச்சி? ஜீப் ரோடு இடிந்துபோச்சு. ஆற்றில் கயிற்றைப் பிடித்து ஒற்றை ஆள் கடக்கலாம்; பிள்ளையோடு முடியாது. உடனே எழுதுங்கள்.

ரெஷ்மா

திருவனந்தபுரம்,
9 ஜூன்

ரெஷ்மா,

உன் கடிதம் வந்து எட்டு நாள். தடுப்பூசி போட்டு அபிக்குக் காய்ச்சல். பிரிக்காமலே ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன். இன்று காலையில்தான் படித்தேன். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சேர்க்காதே! காய்ச்சினதை மூடிவைத்து, தானாக ஆறவிட வேண்டும். இளஞ்சூடு என்று எழுதினேனே தவிர, எப்படி என்று எழுதவில்லை. தப்பு என்னுடையது. சுகாதார ஆபீசுக்கு நாலு தடவை போன் செய்தேன். "ரோடு சரியாகாம எந்து செய்யும், சிஸ்டரே?" என்கிறார்கள். கைக்குழந்தையோடு நான் எப்படி வருவேன்? ஏழு வீட்டுக்கும் ஏழு கட்டு ஓ.ஆர்.எஸ். உப்புப்பொடி சுனிலிடம் கொடுக்கிறேன். ஆதிரா எப்படி இருக்கிறாள்? ஒரு வரி போதும்.

ஸ்ரீலட்சுமி

கல்லாற்றுக்கு மேலே,
13 ஜூன்

சேச்சிக்கு,

கட்டுகள் நேற்றுக் கிடைத்தன. ஆறு வீட்டுக்குக் கொடுத்தேன். மூடிவைத்து ஆறவிட வேண்டும் என்று ஒவ்வொரு அடுப்படியிலும் நின்று சொன்னேன். இரண்டு பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிட்டன.

ஆதிரா எட்டாம் தேதியே போய்விட்டாள். கடைசிவரை வெதுவெதுப்பாகத்தான் கொடுத்தேன்.

ஏழாவது கட்டை சுனிலிடம் திருப்பி அனுப்புகிறேன். அபி மோனுக்கு எப்போதாவது வேண்டிவரும். ஆறவைத்த தண்ணீரில் கலக்குங்கள், சேச்சி.

ரெஷ்மா