பச்சைப் பெயிண்டுக்கு அடியில்

எனக்கு முதன்முதலில் ஸ்டியரிங் பிடிக்கக் கொடுத்த என் அண்ணனுக்கு,

உன் கார் போன வாரம் என் ஷெட்டுக்கு வந்தது. உன் கார் என்கிறேன் பார். ஓட்டியவன் நீ, செத்தவன் நீ, கார் மட்டும் முதலாளியுடையது. யுத்தத்துக்கு முந்தின அந்த வண்டியை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார். திண்டிவனத்தில் ஹெட்லைட் வேலைக்கு என்னை விட்டால் ஆளில்லை. அதனால்தான் வந்தார்.

"இன்னாடா, நல்லாக்கிறியா? லைட்டு ரெண்டும் எரிஞ்சிக்கினே இருக்குது, திடீர்னு நின்னுடுது. ஜல்தி பாத்துக் குடு. விழுப்புரத்துல பொண்ணு கல்யாணம், பொழுது போயித்தான் கெளம்பணும்" என்றார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இதையேதானே நீயும் அவரிடம் சொன்னாய்? "பெயிண்டு அடிச்சி வந்ததுலேந்து லைட்டு நின்னு நின்னு எரியுது முதலாளி. ஒரு நாள் வண்டிய வுடுங்க, பாத்துடலாம்." பல்பை மாற்றச் சொன்னார், மாற்றினாய். மறுபடி சொன்னதற்கு, "புதுப் பெயிண்டு, கைய வெச்சிக் கெடுக்காதே" என்றாராம். அண்ணிதான் எனக்குச் சொன்னாள்.

அப்புறம் அந்தச் சாயங்காலம். கூட்டேரிப்பட்டு தாண்டி, இருட்டிக்கொண்டு வருகிற நேரம், எதிரே மல்லாட்டை மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி. பக்கத்தில் வந்த பிறகுதான் உனக்கு அது தெரிந்திருக்கிறது. மாட்டின்மேல் மோதாமல் ஒடித்துத் திருப்பினாய். கதவு திறந்து நீ வெளியே விழுந்தாய். கார் பள்ளத்தில் சரிந்து நின்றது, அதன் விளக்குகளில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் ஊர் கூடி நிற்க, முதலாளி சுவிட்சைப் போட்டார். இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன. "பாத்துக்குங்கப்பா. லைட்டு நல்லாத்தான்கீது. போடாம ஓட்டிக்கினு வந்திருக்கான். போதையில இருந்திருப்பான்." முடிந்தது. வெற்றிலையைத் தவிர வேறெதையும் தொடாத உனக்கு அந்தப் பேர். நான் பட்டணத்திலிருந்து வந்து சேர்வதற்குள் ஊரே நம்பிவிட்டது.

அதற்குப் பிறகு அந்தக் காரைப் பகலில் மட்டும்தான் எடுத்தார்கள். இப்போது கல்யாணம் வந்ததும் பழைய கோளாறு வெளியே வந்துவிட்டது.

பேட்டரி நன்றாக இருந்தது. ஹாரன் அடித்தது. பின்விளக்கு எரிந்தது. ஹெட்லைட் வரைக்கும் கரண்ட் ஒழுங்காக வந்தது. வந்த கரண்ட் திரும்பிப் போக வழி வேண்டாமா? ஒரு ஒயரை விளக்கிலிருந்து நேரே எஞ்சினில் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் கல்யாண வீடு மாதிரி எரிந்தன. அப்படியென்றால் தப்பு, கரண்ட் திரும்புகிற எர்த்தில்.

ரேடியேட்டர் ஓரத்தில் இரண்டு விளக்குகளின் எர்த் ஒயரும் ஒரே திருகாணியில் பாடியோடு சேர்கின்றன. அதைக் கழற்றினேன். அடியில் பச்சைப் பெயிண்ட்; சுரண்டிய பிறகுதான் இரும்பு தெரிந்தது. இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் பெயிண்ட், அண்ணே! வண்டி குலுங்கினால் தொடும், இன்னொரு குலுக்கலில் விட்டுப்போகும். பள்ளத்தில் இறங்கிய குலுக்கலில் மறுபடி தொட்டிருக்கிறது. மறுநாள் எரியாமல் என்ன செய்யும்?

நீ செத்த வருஷம் ஆயுதபூஜைக்கு எதிர்வீட்டில் புதுக் கார் வந்துவிட்டதென்று, இவர் பழசுக்குப் பச்சை அடித்தார் இல்லையா? துரு எங்கேயும் கண்ணில் படக்கூடாதென்று திருகாணிகளையெல்லாம் கழற்ற வைத்து அடிக்கச் சொன்னாரே. பூஜையன்று அதே விளக்குகளுக்குச் சந்தனம், குங்குமம் வேறு!

"முதலாளி, இங்க பாருங்க. எங்க அண்ணன் லைட்டு போட்டுக்கினுதான் வந்துக்கிறாரு. இதனாலதான் நின்னுபோயிருக்குது."

பார்த்தார். புரியாமல் இல்லை, முகம் கறுத்துவிட்டது. "போனது போச்சு. இப்ப அத்தக் கிளறி இன்னா பண்ணப்போறே? நல்ல காரியம் நடக்கிற வீடு. சொரண்டுன எடத்துல கொஞ்சம் பெயிண்டு தொட்டு வுட்டுடு."

பெயிண்டாம்! வாயில் வந்ததை முழுங்கிக்கொண்டு வேலையை முடித்தேன். ஏன் தெரியுமா? ஸ்டியரிங்கில் இப்போது வேறொருவன் உட்காருகிறான், அவனுக்கும் வீட்டில் பெண்டாட்டி இருக்கிறாள். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இந்த எடத்துல யாரையும் பெயிண்டு அடிக்க வுடாதே. இதனாலதான் எங்க அண்ணன் செத்தாரு." முதலாளி பக்கத்திலேயே நின்றார். மறுக்கவில்லை.

அன்றைக்கே அண்ணியிடம் போனேன். கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன், மடையன்.

"அப்போ அவரு குடிக்கலியா?"

"இல்ல அண்ணி."

முறத்தைக் கீழே வைத்தாள். "வருசா வருசம் திட்டிக்கினேதான்டா படையல் போட்டேன். குடிச்சிட்டுப் போயி என்னத் தெருவுல வுட்டியேன்னு. அந்தச் சோத்துல வாய வெச்சிருப்பாரா?"

வைத்தாயா, அண்ணே?

காருக்குப் புதுத் திருகாணி போட்டேன். பச்சை ஒட்டிய பழையது என்னிடம் இருக்கிறது. இந்த வருஷம் உன் படையலுக்கு கார் ஸ்டாண்டிலிருக்கும் டிரைவர்கள் அத்தனை பேரையும் கூப்பிடுவேன். அந்தத் திருகாணியை அவர்கள் கையில் கொடுத்து நடந்ததைச் சொல்வேன். இது சத்தியம். அப்புறம்தான் அண்ணி இலை போடுவாள். இந்தத் தடவை திட்ட மாட்டாள். வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போ.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி