தங்காத பிள்ளைகளின் கணக்கு

அன்புள்ள முன்சீப்புக்கு,

நேற்றுக் காலை உன் மகன் அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருந்தான். வாரிசுச் சான்றிதழ் மனுவுக்கு என் சாட்சிக் கையெழுத்து வேண்டுமாம். கூடவே உன் இறப்புச் சான்றிதழையும் மேசைமேல் வைத்தான். கம்ப்யூட்டரில் அடித்த தாள். உன் பெயர், உன் அய்யா பெயர், வயது எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. ஊரில் யார் செத்தாலும் எழுதியவன் நீ. உன் சாவை முகம் தெரியாத யாரோ பதிந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் போன பிறகுதான் உனக்கு இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அறுபதுகளின் கடைசியில் நான் உங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தேன். உன் வயதுதான் எனக்கும். உன் அய்யாவுக்குப் பிறகு கிராம முன்சீப் வேலை உன்னிடம் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வரி வசூல், பிறப்பு இறப்புப் பதிவு எல்லாம் உன் தலையில். "ஏலே வாத்தி" என்று தெருவில் நீ கூப்பிட்டால் எங்கள் தலைமை ஆசிரியருக்கு முகம் சுருங்கும். எனக்கு அது பிடித்திருந்தது. பிழைக்க வந்த ஊரில் என்னை அப்படிக் கூப்பிட நீ ஒருவன்தான் இருந்தாய்.

ஏழாம் வகுப்புக்கு மக்கள்தொகைப் பாடம். ஓர் ஆண்டில் இறந்தவர்களின் எண்ணிக்கையை மொத்த மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்கினால் இறப்பு விகிதம். பிள்ளைகள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தார்கள், ஒருவருக்கும் புரியவில்லை. நம் ஊரையே கணக்காக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. "போன தையிலிருந்து இந்தத் தை வரைக்கும் எந்தெந்த வீட்டில் துட்டி நடந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று தெருத்தெருவாக அனுப்பினேன். சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போவது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்பதால் அந்தச் சொல்லைச் சொன்னேன். நான் செய்த தவறு அதுதான்.

பிள்ளைகள் கொண்டுவந்த எண்ணும் உன் பதிவேட்டிலிருந்த எண்ணும் ஒன்றுகூடப் பிசகாமல் பொருந்தின. எனக்குத் தலைகால் புரியவில்லை. கரும்பலகையில் விகிதத்தை எழுதி, "பார்த்தீர்களா, நம் ஊரில் சாவு குறைவு" என்றேன். நீயும் வகுப்பறை வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்தது.

"சார், தங்காத பிள்ளைகளச் சேக்க வேண்டாமா?"

எனக்கு விளங்கவில்லை. அந்தப் பிள்ளை பயந்துகொண்டே சொன்னது: "எங்க தம்பி தங்கலை சார். எங்க சின்னம்மாவுக்கும் தங்கலை. உங்க பாப்பாவும்..."

சட்டென்று உட்கார்ந்துகொண்டது.

என் மகள் ஐப்பசியில் பிறந்தாள். வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், பதினோராம் நாள் போய்விட்டாள். பெயர் வைக்குமுன் போகும் பிள்ளைக்கு மேளமில்லை, துட்டி இல்லை. யாரும் 'செத்துப்போச்சு' என்று சொல்லவும் மாட்டார்கள். 'தங்கலை' என்பார்கள், அவ்வளவுதான். நீயும் நானும்தான் ஓடைக்கரையில் குழி வெட்டினோம். துணியில் சுற்றி நீதான் இறக்கினாய். என்னால் முடியவில்லை. அவளையும் சேர்க்காமல்தான் நான் அந்தக் கணக்கைப் போட்டிருந்தேன். பெற்ற அப்பனும், பாடம் நடத்தும் வாத்தியாரும் நானே. வெட்கத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே உன்னிடம் வந்து அவளை எழுதச் சொன்னேன். நீ எரிந்து விழுந்தாய். "பேரு வைக்காத பிள்ளைய என்னன்னு எழுதுறது? அந்த மாசப் பட்டியல் தாலுகாவுக்குப் போயி நாளாச்சு. ஊருல நடக்காததையா நான் நடத்துறேன்?" என்றாய். "உனக்கென்ன, எழுதிப் பழகியவன், எல்லாம் உனக்கு எண்ணிக்கைதான்" என்று நானும் கத்திவிட்டேன். பத்து நாள் நாம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என் மனைவியிடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை. அவள் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசி மூன்று மாதமாகியிருந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பதிவேட்டைத் துண்டில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். அவள் முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாய்.

"தங்கச்சி, பிள்ளைக்கு என்ன பேரு வைக்கணும்னு நெனச்சிருந்த?"

அவள் கை நின்றது. "கோமதி அண்ணே" என்றாள். "பதினோரு நாளும் அப்படித்தான் கூப்புட்டேன். இவுகளுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. நீ 'கோமதி' என்று எழுதி, அப்பா பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினாய். மை காயும்வரை ஊதினாய். அவள் மிளகாய்க் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அழுதாள். உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் ஊற்றிக் கண்ணைக் கழுவிவிட்டேன், நானும் அழுதேன்.

திரும்பி வந்தபோது நீ பதிவேட்டை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாய். தலை நிமிராமல் சொன்னாய்: "எனக்கும் மூத்தது ஒண்ணு தங்கலை வாத்தி. பையன். ஆறு நாளு. அப்ப எழுத்து எங்கய்யா கையில. எழுதுங்கன்னு கேட்டேன். முன்சீப் வீட்டுல மொறைய மாத்தவான்னு வைதாக." செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய்.

அதன்பிறகு நீ தங்காத பிள்ளைகளை எழுத வீடு வீடாகப் போனாய். தாலுகா ஆபீஸில், ஒரே வருடத்தில் உன் ஊரில் மட்டும் எப்படி இத்தனை சாவு கூடியது என்று கேட்டு உன்னை நிற்க வைத்தார்கள். "சாவு கூடலங்கய்யா, எழுத்துத்தான் இதுவரைக்கும் கம்மி" என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் ஓய்வு பெறும்வரை அந்தப் பாடத்தை நடத்தினேன். விகிதம் குறைவாக இருக்கும் ஊரைப் பார்த்தால், அங்கே யாரையெல்லாம் எண்ணவில்லை என்று முதலில் கேளுங்கள் என்பேன். அந்த வருடப் பிள்ளைகளோ, தங்காத பிள்ளைகளையும் சேர்த்துக் கரும்பலகையில் புது எண் ஏறியதும் விடை சரியாக வந்துவிட்டது என்று கைதட்டினார்கள். நாம் இருவரும் தட்டவில்லை.

எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் கோமதியையும் சேர்த்து மூன்று என்கிறேன். என் மனைவியும் கடைசிவரை மூன்று என்றுதான் சொன்னாள். அது நீ கொடுத்தது. ஆனால் உன்னை யாராவது கேட்டால் நீ இரண்டு என்பாய். பக்கத்தில் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எழுதிய உன் கை அந்த ஆறு நாள் பையனை எழுதவேயில்லை. அது எனக்குத் தெரியும்.

அவனைப் பெற்ற மதினியும் உனக்கு முன்பே போய்விட்டார்கள். இனி கேட்க ஆளில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நாற்பது வருடம் நாம் ஒன்றாக டீ குடித்தோம், பஸ்ஸுக்குக் காத்திருந்தோம், மழை வரவில்லை என்று திட்டினோம். அத்தனை நாளில் ஒருநாள், ஒரே ஒருநாள், நீ என் வீட்டில் கேட்டதை நான் உன்னிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். உன் பையனுக்கு என்ன பெயர் நினைத்திருந்தாய்?