மல்லாட்டைத் தராசு

திண்டிவனம்,
12-3-1961

என்னைக் கட்டியவருக்கு,

விழுப்புரத்து வேர்க்கடலை மண்டியில் 'குண்டச்சி' என்று சிரித்து, மல்லாட்டை மூட்டை நிறுக்கும் தராசில் என்னை ஏற்றினீர்கள். அன்றிலிருந்து ஒருவேளைக் கேப்பைக்கூழ்தான். படுக்கையில் வலிக்கிறது என்றால் அதற்கும் அறை.

உடம்பு வற்றி மாதத் தூரம் நின்றது. நீங்களே கர்ப்பமென்று ஊரைக் கூட்டி வளையல் அடுக்கினீர்கள். வயிறு எழும்பாததும், "என்னை ஏமாத்திக்கினு இருந்தியாடி?" என்று அந்த வளையல்கள் நொறுங்க என்னை மிதித்தீர்கள்.

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே லேடி டாக்டர் சொன்னார்: "பட்டினி போட்டதாலதாம்மா நின்னுபோச்சு."

அக்கா சோறு போட்டாள். நேற்று தூரமானேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வருகிறீர்களாம். வாருங்கள். அக்கா வீட்டுக் களத்திலும் தராசு தொங்குகிறது. என்னை மிதித்த காலை மட்டும் தனியாக நிறுக்க ஆசை. அரிவாளைத் தீட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எடை கூடியவள்