பதினொன்றாம் ஸ்டேஷன்

மார்ச் 3, திங்கள்

ஷிஃப்ட் முடிந்ததும் எல்லோரையும் கேன்டீனுக்கு வரச் சொன்னார்கள். மேனேஜர் தேசிகன் தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினார். கம்பிச் சுருள் செய்கிற எங்கள் காயில் லைன் அடுத்த மாதக் கடைசியில் சென்னைப் பக்கம் ஓரகடத்துக்குப் போகிறதாம். மெஷின்கள்தான் போகின்றன, நாங்கள் இல்லை. பத்தொன்பது வருஷமாக அந்த ஒரு மெஷினில் செம்புக் கம்பி சுற்றுகிறேன். வேறென்ன தெரியும் எனக்கு?

கோலாரில் அப்பா பாறையைத் தட்டிப் பார்த்தே எது விழும், எது நிற்கும் என்று சொல்லிவிடுவார். தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு அதை யாரிடம் போய்ச் சொல்வது? பெங்களூர் வந்து அபார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். அந்த வயதுக்கு நானும் வந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

பொம்மசந்திராவில் இன்டர்வியூ. என்ன வேலை தெரியும் என்று ஃபாரத்தில் கேட்டிருந்தார்கள். ‘ஸ்டேஷன் 11’ என்று என் மெஷின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். எங்கள் கம்பெனியில் அதுதானே எல்லாம். நான் லீவு போட்டால்கூட ‘லெவன் வரல’ என்பார்கள். அங்கிருந்த பெண் ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஸ்டேஷன் லெவன்னா என்னம்மா?”

லெவன்தான் மேடம் என்றேன். அனுப்பிவிட்டார்கள். பிரிஸில்லா, உனக்கு மூளை இருக்கிறதா?

மார்ச் 9

உனக்கா வேலை கிடைக்காது என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, டிரைவர். எந்த வண்டியிலும் ஏறி உட்காரலாம்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஓரகடத்திலிருந்து நாலு பெண்கள் வந்து என்னிடம் வேலை பழகுகிறார்கள். ஒன்பதாவது நாளான இன்று அவர்களில் ரூபினி என்பவள் என் அளவுக்கே சுற்றிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன். பத்தொன்பது வருஷம் — ஒன்பதே நாள்தானா?

மே 6, செவ்வாய்

ரூபினி போன் செய்தாள். மெஷின் அங்கே போனதிலிருந்து காயில் எல்லாம் டெஸ்டில் ஃபெயிலாம். போனை மெஷின் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். கம்பி லேசாக உரசுகிற சத்தம். கம்பியைப் பிடிக்கும் ஃபெல்ட் துணித் துண்டு தேய்ந்திருக்கிறது, மாற்று என்றேன். அரை மணியில் சரியாகிவிட்டது.

“இத நீங்க சொல்லியே தரலயேக்கா.”

மறைக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. என்னிடம் இருந்த அந்த ஒன்றையும் போனில் கொடுத்துவிட்டேனோ? பயமாக இருக்கிறது.

ஜூன் 14, சனி

ஹெப்பகோடியில் ஒரு மோட்டார் கம்பெனியில் இன்டர்வியூ. சூப்பர்வைசர் சுந்தரேசன் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். என்ன வேலை தெரியும் என்று கேட்டார். மறுபடியும் ‘ஸ்டேஷன் 11’ என்றா சொல்வது? அந்த நேரம் பார்த்து, “சார், அந்த மூணாவது மெஷின நிறுத்துங்க, சத்தம் சரியில்ல” என்று சொல்லிவிட்டேன். நிறுத்தினார். திறந்து பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை.

“அது அப்படித்தாம்மா கத்தும்” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர் நகரவில்லை. என்ன கேட்டது உனக்கு, சொல்லு என்றார். சொன்னேன், சொன்னேன், கால் மணி நேரம் சொன்னேன். திங்கட்கிழமை வேலைக்கு வா என்றார்.

ஜூன் 16, திங்கள்

டிரெய்னி என்று அட்டை போட்டுக்கொண்டு இன்று வேலைக்குப் போனேன். அந்த மூன்றாவது மெஷினையே கொடுத்திருக்கிறார். கம்பி தடிமன், கை வலிக்கிறது. அதன் நல்ல சத்தம் எது, கெட்ட சத்தம் எது என்று இன்னும் பிடிபடவில்லை. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே போக வேண்டும்.